என் பேரில் எழுதிய பங்கு

1

நான் வேலை செய்யும் கிளப்பில் போன கிழமை ஊழியர் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ரொறன்ரோ நகரத்துக்கு வெளியே, பச்சைப் புல்வெளிக்கு நடுவில் இருக்கும் பணக்காரரின் தனிக் கிளப் அது. பந்தடித்துக் களைத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடும் குடிவகையும் பரிமாறுவது என் வேலை. இந்தக் கிளப்புக்கு வந்து மூன்று வருஷம். இந்தக் கோடையில் அங்கே ஒரு புது ஒழுங்கு தொடங்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் எத்தனை வைன் போத்தல் விற்றோம், சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பேரை இனிப்பு வாங்க வைத்தோம் என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். மாதம் முடிய, புள்ளிக்கு ஏற்றபடி சம்பளத்துக்கு மேலே காசு. இதற்கு இங்கே இன்சென்ரிவ் என்று பேர்.

தாளில் முதலாவதாக இருந்தது என் பேர்.

நான் கூச்சக்காரன். 'இன்னொரு போத்தல் திறக்கட்டோ' என்று ஒரு மேசையிலும் கேட்டதில்லை. எனக்குத் தந்த மூலை மேசைகளில் கேளாமலே குடிக்கிற கிழவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். மனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் கை தட்டினார்கள். நான் குனிந்துகொண்டு கழுவிய கரண்டிகளைத் துடைத்தேன்.

தாளின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் வதனிக்குப் பதினைந்து வயது. வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்பர் வண்!" என்று துள்ளினாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பேசினால் பாதித் தூரத்தில் இங்கிலிஷுக்குத் தாவிவிடுவாள். அவளுக்கு இளையவன் தாவுவதே இல்லை, இங்கிலிஷிலேயே நிற்கிறான்.

"அம்மா, அப்பா ஃபெர்ஸ்ட்!"

மனைவி இராசமணி குசினிக்குள் இருந்து வரவில்லை. மேசையைக் காட்டி, "உதில ஒரு கடிதம் கிடக்கு. பாருங்கோ" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. உறையின் பின்பக்கத்தில், 'பாக்கியம், கனகராயன்குளம்' என்று எழுதியிருந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு, வெளிநாட்டில் எங்களுடைய குளிரையும் வேலையையும் பற்றித்தான் நாங்கள் எழுதுகிறோம். எழுதாமல் விடுவது வேறு. அதில் ஒன்றை இந்த முறை எழுதுகிறேன்.

2

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழே காணி எடுத்தவர். வயல் மூத்த அண்ணருக்குப் போயிற்று. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குக் கிளிநொச்சியில் ஒரு கிளப்பில் வெயிற்றர் வேலை கிடைத்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு. அரிசி ஆலைக்காரர், கொந்திராத்துக்காரர், சில எஞ்சினியர்மார், ஒரு டொக்டர் எல்லாரும் சேர்ந்து நடத்திய கிளப். பின்னேரமானால் வருவார்கள், சீட்டுக் கடுதாசி விளையாடுவார்கள், குடிப்பார்கள்.

அங்கே கையில் காசு கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அங்கத்தவர் சிட்டுத் துண்டில் கையெழுத்துப் போடுவார், மாசக் கடைசியில் கட்டுவார். எங்களுக்குச் சந்தோஷமாக ஐந்து ரூபாய் நீட்டினாலும் வாங்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிட்டிலும் நூற்றுக்குப் பத்து வேறாகப் போகும். எந்த வெயிற்றர் கொண்டுபோன சிட்டோ அவன் பேரில் அது எழுதப்படும். அதைத்தான் நாங்கள் 'பங்கு' என்போம். எங்கள் சம்பளத்தை விடப் பங்குதான் பெரிசு. வருஷ முடிவில் ஆருடைய பேரில் கூடப் பங்கு இருக்கிறதோ அவனுக்கு ஒரு பரிசும் உண்டு.

குசினிக்குப் பங்கு இல்லை. குசினியில் இருந்து ஆரும் சிட்டுக் கொண்டுபோவதில்லையே.

குசினியில் இருந்தவர் மாரிமுத்து. எழுபத்தேழுக் கலவரத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை எரித்து அடித்துத் துரத்தியபோது பெண்சாதி பாக்கியத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்கு வந்து, கனகராயன்குளத்தில் காட்டோரமாக ஒரு கொட்டில் போட்டவர். திங்களில் கிளப் பூட்டு. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செவ்வாய் காலை பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் குசினிக்குப் பின்னால் சாக்கில் படுத்திருப்பார். அவர் சிங்களச் சமையற்காரரிடம் தொழில் பழகியவர். விரால் மீனை மிளகும் செத்தல் மிளகாயும் உப்பும் போட்டுப் பொரித்துக் கொடுத்தால், ஒரு போத்தலோடு எழும்ப நினைத்த ஆலை முதலாளி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவதுக்குச் சொல்லுவார்.

"அண்ணே, நான் உப்பத் தூக்கிப் போட்டாத்தான் நீங்க போத்தலத் தூக்கலாம்" என்று சிரிப்பார்.

அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் என்னை 'நீங்க' என்பார். நான் அவரை 'நீ' என்பேன். அங்கத்தவர்கள் அவரைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டார்கள். நான் அப்படிக் கூப்பிடவில்லை, ஆனால் அவர்கள் கூப்பிட்டபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவரை 'அவர்' என்று எழுதுவது இப்போதுதான்.

3

இரண்டாவது வருஷம் கமிட்டி ஆட்கள் கூடிக் கதைத்தார்கள். குசினி நன்றாக நடந்தால்தான் சாராயம் ஓடுகிறது, ஆனபடியால் குசினிக்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்று முடிவாயிற்று. அடுத்த நாள் கிளப் செயலாளர் என்னைக் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பென்சன் எடுத்த கிளாக்கர். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர்.

"நடராசா, உவன் மாரிமுத்துவுக்கு, தோட்டத்தில இருந்து வந்த மற்ற ஆக்களைப் போல, அடையாள அட்டை இல்லை, பிரசாவுரிமையும் இல்லை. பதிவில பேர் எழுதினா சேமலாப நிதி கட்டவேணும். உவன் ஆர், எங்கத்தையான் எண்டு ஆரும் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது? அவன்ர பங்கை உம்மட பேரில போடுவம். நீர் எடுத்து அவனிட்டக் குடும்."

"ஓம் ஐயா" என்றேன்.

அப்படித்தான் மாரிமுத்து சமைத்ததெல்லாம் என் பேருக்கு வந்தது. மாசக் கடைசியில் இரண்டு பங்கையும் கையெழுத்து வைத்து நான் எடுப்பேன். ஒரு சதம் குறையாமல் அவருடையதை அவர் கையில் கொடுத்தேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். காசில் நான் பிழை விடவில்லை.

பிழை பேரில் இருந்தது. பதிவைப் பார்க்கிறவர்களுக்கு நான் இரண்டு ஆள் வேலை செய்கிறவன். அந்த வருஷம் முதல் பரிசு எனக்கு. ஒரு புதுச் சைக்கிள். மற்ற வெயிற்றர் கனகு அதன் மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"குசினியையும் முதுகில ஏத்திக்கொண்டு ஓடினா ஆரும் முதலாவதா வரலாம், நடா அண்ணை."

எல்லாரும் சிரித்தார்கள். மாரிமுத்துவும் சிரித்தார். சைக்கிளைத் துடைத்துத் தந்ததும் அவர்தான்.

4

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஆமிக்காரர் வீதியில் மறித்து அடையாள அட்டை கேட்பது கூடிற்று. அட்டை இல்லாதவனுக்கு பஸ்ஸில் போவதே பயம். அட்டைக்கு எழுதிக் கொடுக்க, எங்கே வேலை செய்கிறாய் என்பதற்கு ஒரு கடிதம் கேட்டார் கிராம சேவகர். மாரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"அண்ணே, என் பேரையும் அந்தப் பொஸ்தகத்துல போட்டுறச் சொல்லுங்க. ஒரு வரி போதும். மாரிமுத்து இங்க சமைக்கிறான்னு. பங்கு கூட வேணாம்."

"பங்கு வேண்டாமெண்டு சொல்லாதை. நான் ஐயாவிட்டக் கேக்கிறன்."

"கேப்பீங்களாண்ணே?"

"கேக்கிறன் எண்டால் கேக்கிறன்."

இதே கதை நாலைந்து தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் கேட்கிறேன் என்றேன், கேட்கவில்லை. பெரியவர்களிடம் வாய் திறக்க எனக்கு வெட்கம் என்று மனைவிக்குச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அவருடைய பேர் வேறாகப் போனால் என் பேரில் பாதி போய்விடும். அடுத்த வருஷப் பரிசு தையல் மெஷின் என்று கதை வந்திருந்தது. இராசமணிக்கு அதில் ஆசை. எனக்கும் அவளுக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்க ஆசை.

எண்பத்து நாலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாரிமுத்து வரவில்லை. பத்து மணி போல பஸ் கொண்டக்டர் வந்து சொன்னார்: வழியில் மறித்து அட்டை கேட்டார்களாம், இல்லாத நாலு பேரை இறக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், அதில் உங்கள் சமையற்காரனும் ஒருவனாம்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னம் கிளப் வாசலில் ஒரு ஆமி வாகனம் வந்து நின்றது. விசாரிக்க வந்த அதிகாரியோடு தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். செயலாளரிடம் பதிவைக் கேட்டார்கள். அவர் எடுத்து விரித்தார்.

"மாரிமுத்து எண்டு ஒருத்தன் இங்க சமைக்கிறதாச் சொல்லுறான். இருக்கிறானோ?"

செயலாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். "அப்பிடி ஒரு பேர் இதில இல்லை" என்றார்.

"நடராசா அண்ணனைக் கேளுங்க எண்டும் சொன்னவன். ஆர் அது?"

நான் தண்ணீர்க் கிளாசுகளை அடுக்கிய தட்டோடு மண்டபத்தில் நின்றேன். செயலாளர் என்னைப் பார்த்தார். ஓம் என்றால், இத்தனை வருஷமும் ஆருடைய பங்கை ஆர் எடுத்தது, பதிவில் ஏன் பொய், அட்டை இல்லாதவனை ஏன் மறைத்து வைத்திருந்தீர்கள் என்று எல்லாம் வரும். என்னையும் வாகனத்தில் ஏற்றலாம். எனக்கு அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"பதிவில இல்லை, ஐயா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பதிவில் இல்லைத்தான். அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். மாரிமுத்துவைப் பிறகு ஒருத்தரும் காணவில்லை.

பாக்கியம் ஒரு கிழமை கழித்துப் பிள்ளைகளோடு வந்து குசினி வாசலில் குந்தியிருந்தா. எங்கெங்கேயோ முகாம்களுக்குப் போய்க் கேட்டு வந்த களைப்பு. நான் ஒரு மாசப் பங்குக் காசை அப்படியே நீட்டினேன்.

"காசு வேணாண்ணே. இங்கதான் வேல பாத்தாருன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. அதக் காட்டிக் கேக்குறேன். உங்க பேரச் சொல்லிருக்காராமே, நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு."

செயலாளர் கந்தோர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இல்லை என்று சொன்ன பிறகு இருந்தான் என்று எப்படி எழுதுவது என்று பிறகு என்னிடம் கேட்டார். நான் பாக்கியத்திடம் 'பிறகு வாங்கோ' என்றேன். அவா மூன்று தரம் வந்தா. நாலாம் தரம் வரவில்லை.

5

எண்பத்தாறில் நாங்கள் கனடாவுக்கு வந்தோம். காணியில் என் சிறு பாகத்தையும் மனைவியின் நகையையும் விற்ற கதையை விடுகிறேன், அது எல்லாருக்கும் பொதுவான கதை.

அகதி விசாரணைக்கு, நான் ஆர், எங்கே இருந்தேன் என்று காட்டத் தாள் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது ஒன்றுதான். வெளிக்கிடும்போது செயலாளர் எழுதித் தந்த சேவைக் கடிதமும், அதோடு குத்தியிருந்த பங்குப் பதிவின் பிரதியும். மொழிபெயர்க்க வந்தவர் மதராஸ்காரர். நான் 'அவரோடு கதைத்தேன்' என்று சொன்னதை, 'அவருக்குக் கதை சொன்னேன்' என்று மாற்றினார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, என்ன கதை என்று கேட்டார். அதைச் சரிப்படுத்தவே நேரம் போயிற்று.

பிறகு அவர் பதிவைப் பார்த்தார். "மற்றவர்களை விட இரண்டு மடங்கு உழைத்திருக்கிறீரே, எப்படி?"

"கடுமையா வேலை செய்தனான்" என்றேன். அதை மொழிபெயர்ப்பாளர் சரியாகச் சொன்னார்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அதே கடிதத்தைக் காட்டித்தான் இப்போதைய கிளப்பிலும் வேலை எடுத்தேன். நான் இந்த நாட்டில் நிற்பது மாரிமுத்து பொரித்த மீனின் மேலேதான்.

6

பாக்கியத்தின் கடிதத்தை எழுதியது மூத்த மகள். இப்போது பெரிய பிள்ளையாக இருப்பாள், எழுத்து அழகாக இருந்தது. காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு ஏதோ உதவி கொடுக்கிறார்களாம். உழைத்தவர் என்பதற்கு வேலைத்தலச் சாட்சி கேட்கிறார்களாம். கிளப் எரிந்துவிட்டது, செயலாளர் செத்துவிட்டார், கனகு எங்கே என்று தெரியாது. 'நீங்க ஒருத்தர்தான் மிச்சம்' என்று இருந்தது. ஒரு படிவமும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சத்தியக் கடதாசி. அடுத்த மாச முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். என் விலாசம் கண்டுபிடிக்கப் பாக்கியம் என் அண்ணரிடம் இரண்டு தரம் நடந்தாவாம்.

"எழுதுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றாள் இராசமணி. "எங்களுக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை வரட்டும். அதுக்குப் பிறகு எழுதுங்கோ."

"அதுக்கு இன்னும் எத்தினை மாசமோ. அவாவுக்குத் தவணை இருக்கு."

"எங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. நீங்கள் குடுத்த பதிவு பொய் எண்டு உங்கட கையாலேயே எழுதிக் குடுக்கப் போறியளோ? பைலைத் திறந்து பாத்தா?"

"பாக்கத்தான் போகினம் எண்டு ஆர் சொன்னது?"

"பாக்க மாட்டினம் எண்டு ஆர் சொன்னது?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. நாலு நாள் நான் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மேசை துடைக்கக் குனியும்போது அது நெஞ்சில் குத்தும்.

ஐந்தாம் நாள் வதனியைக் கூட்டிக்கொண்டு நகரசபைக் கந்தோருக்குப் போனேன். அங்கே சத்தியம் எடுக்கிற பெண் அதிகாரி ஒருவர் இருக்கிறார். கந்தோர் வேலைக்கெல்லாம் வதனிதான் என் வாய். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்றுதான் முதல் முறை கேட்டாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலிஷில் சொன்னாள். அவருடைய பங்கை என் பேரில் எழுதினார்கள் என்றபோது சற்று நின்றாள். என்னைக் கேட்டபோது பதிவில் இல்லை என்று சொன்னேன் என்றபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னாள். நான் சொன்னது நீளம், அவள் சொன்னது கட்டை.

தட்டெழுதி வந்த தாளைக் கையெழுத்து வைக்காமல் வாங்கிக்கொண்டு வந்து, பஸ்ஸில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாரிமுத்து என் நண்பர், எங்கள் கிளப்பில் சில காலம் உதவி செய்தார் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஏன் பிள்ளை?"

"எல்லாம் சொன்னா எங்களை அனுப்பிப்போடுவினம், அப்பா." யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு, "அண்டைக்கு நீங்கள் ஏன் ஓம் எண்டு சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

அதற்கு நான் சொன்ன பதில் அவளுக்கு விளங்கியதோ தெரியாது. அன்றில் இருந்து அவள் என்னோடு தமிழ் பேசுவது இன்னும் குறைந்திருக்கிறது.

7

நேற்று லீவு எடுத்துக்கொண்டு தனியப் போனேன். அகராதியைப் பார்த்து இங்கிலிஷில் ஐந்து வரி நானே எழுதிக்கொண்டு போனேன். இந்த மனிதர் ஆறு வருஷம் எங்கள் குசினியில் சமைத்தார். அவருக்கு அட்டை இல்லாதபடியால் அவருடைய பங்கை என் பேரில் எழுதினார்கள், நான் சம்மதித்தேன். நான் காட்டிய பதிவில் பாதி அவருடைய உழைப்பு. அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கேட்டபோது பதிவில் இல்லை என்று சொன்னேன். பதிவில் இல்லாததற்கு நானும் காரணம்.

அதிகாரி வாசித்தா. கண்ணாடியைக் கழற்றினா. "இதில் கையெழுத்துப் போட்டால் உனக்கே பாதகமாக வரலாம், விளங்குகிறதா?" என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டா.

"ஓம்" என்றேன். பிறகு அவாவின் மொழியிலும் சொன்னேன்.

இந்த முறை படிவத்திலேயே தட்டெழுதினா. கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினேன், கையெழுத்து வைத்தேன், முத்திரை குத்தினா. மாரிமுத்துவின் வேலை என்ற இடத்தில் 'சமையற்காரர்' என்று இருந்தது. அவருடைய பேருக்குப் பக்கத்தில் அவருடைய வேலையை ஒரு தாளில் நான் அப்போதுதான் பார்த்தேன்.

படிவத்தைத் திருப்பித் தரும்போது அவா மற்றப் பக்கத்தைத் தட்டிக் காட்டினா. அது சத்தியத்துக்குள் அடங்காதாம், மனுக்காரரும் சாட்சியும் சேர்ந்து நிரப்புகிற பக்கமாம். அதன் கடைசியில் மாரிமுத்துவைப் பற்றி இரண்டு கட்டங்கள் இருந்தன. உயிருடன் இருக்கிறார். இறந்துவிட்டார். ஒன்றில் புள்ளடி போடவேண்டும். கீழே சாட்சியின் கையெழுத்து.

இறந்துவிட்டார் என்று போட்டால்தான் உதவி வரும் என்று பாக்கியத்தின் மகள் எழுதியிருந்தாள். 'அம்மாவுக்கு அப்படிப் போட கை வரல' என்றும் எழுதியிருந்தாள்.

கவுண்டரில் கட்டியிருந்த பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அந்த மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று என்னை ஏற்கெனவே ஒரு தரம் கேட்டார்கள்.

இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டு, கீழே என் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். தபால் கந்தோரில் நின்றபடி பாக்கியத்துக்கு ஒரு துண்டும் எழுதி உறைக்குள் வைத்தேன்:

'தங்கச்சி, அந்தக் கட்டத்தை நீங்கள் நிரப்புங்கோ. பிள்ளைகளுக்கு எது வேணுமோ, உங்களுக்கு எது மனம் வருமோ, அதைப் போடுங்கோ. எதில் போட்டாலும் அதற்குக் கீழே நான் இருக்கிறேன்.'